லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

சென்னை வேப்பேரியில் 1944 நவம்பர் 8 அன்று கத்திக்குத்துக்கு ஆளாகி, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோன பத்திரிகையாளர் சி. என். லட்சுமிகாந்தனின் மரணமும், அதையொட்டி 1947 ஏப்ரல் வரை நடந்த வழக்கும் இப்பெயரால் வழங்குகின்றன. தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரமான எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், கோவைத் தயாரிப்பாளரும் இயக்குநருமான எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் கொலைச் சதியில் பங்கு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். கடைசியில் மூவருமே விடுதலையானார்கள். தூண்டியவர் என்று வேறு எவர் மீதும் பிறகு வழக்கு வரவில்லை. திரையுலக மர்ம மரணங்களைப் பட்டியலிடுவோர் இதை முதல் வரிசையில் வைப்பது வழக்கம். ஆனால் இந்த மரணம் நடந்த விதத்தில் மர்மம் ஏதுமில்லை. நாள், இடம், ஆயுதம், காயம் எல்லாமே தெரிந்தவை. குத்திய கைக்கும் ஏவிய மனத்துக்கும் நடுவிலுள்ள தொடர்பை ஒரே ஒரு சாட்சியை நம்பி நிறுவ முயன்றார்கள். அந்தச் சாட்சி சரிந்தபோது கேள்வியும் அந்தரத்தில் நின்றுவிட்டது.

சென்னையில் நடந்த கொலைக்குக் கொங்கு நாட்டோடு என்ன உறவு என்பதற்கு அன்றைய திரைத்தொழிலின் நிலப்படம் விடை சொல்லும். சூலூரிலிருந்து திருச்சி சாலை வழியே கோவைக்குப் போகிறவர் நகருக்குள் நுழையுமுன் சிங்காநல்லூரைக் கடப்பார். 1930களின் நடுவில் அங்கே எழுந்த சென்ட்ரல் ஸ்டுடியோஸ், பஞ்சாலை முதலாளிகளின் பணமும் நாடகக் கலைஞர்களின் குரலும் சந்தித்த இடம். பாகவதர் நடித்து ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘சிவகவி’ (1943), அடுத்த ஆண்டு வந்த ‘ஹரிதாஸ்’ இரண்டும் இங்கே உருவானவை. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படத்தின் நாயகனோ அதில் இரண்டு தீபாவளிகளைச் சிறையில் கழித்தார். குற்றப் பட்டியலில் நாயுடுவின் பெயர் சேர்ந்ததும் வழக்கின் ஒரு முனை கோவையில் வந்து ஊன்றிக்கொண்டது.

லட்சுமிகாந்தன் முன்பு பொய்ப்பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகச் சிறை சென்று மீண்டவர். 1943 வாக்கில் ‘சினிமா தூது’ என்ற இதழைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சேற்றினார். எழுதியதற்காகக் கிடைத்த காசு கொஞ்சம், எழுதாமல் இருப்பதற்காக வந்த காசுதான் அதிகம் என்று அக்காலத்தவர் அவரைப் பற்றிச் சொல்லிவந்தார்கள். உலகப் போரால் காகிதத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. இதழ் நடத்த அரசின் அனுமதி தேவைப்பட்டது. பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். ‘சினிமா தூது’வின் உரிமம் பறிபோனது. லட்சுமிகாந்தன் சளைக்கவில்லை. ‘இந்துநேசன்’ என்ற வேறோர் இதழை வாங்கி, அதே வேலையைத் தொடர்ந்தார். மனுப் போட்ட மூவரும்தான் பின்னர் குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவர். இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான தொடக்கமோ, தீர்ப்புக்கு அவ்வளவு போதாத ஆதாரம்.

நவம்பர் 8 அன்று அவர் வேப்பேரியிலிருந்த வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜெனரல் காலின்ஸ் சாலையில் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பும் அவர் ஒருமுறை தாக்கப்பட்டிருந்தார். குத்துப்பட்டவர் உடனே மூர்ச்சையாகிவிடவில்லை. நண்பர் வீட்டுக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னார், பிறகு மருத்துவமனைக்குப் போனார். உயிர் பிரியும் என்று அன்று மாலை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. இறப்பவர் தன் இறப்புக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னது அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதாக இருந்தது; சாகப்போகிறோம் என்ற எண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்ற அன்றைய ஆங்கிலச் சட்டத்தின் நிபந்தனை இங்கே இருக்கவில்லை. ஆனால் மரண வாக்குமூலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குத்தியவனை அடிபட்டவர் பார்த்திருக்கலாம். ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுத்தவர் இருந்திருந்தால், அவரை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அந்த அறைக்குள் நீதிமன்றத்தை அழைத்துப் போக அரசுத் தரப்புக்குக் கிடைத்தவர், குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவராக இருந்து அப்ரூவராக மாறியவர். உடந்தையாளரின் சாட்சியம் சட்டப்படி செல்லும், அதை மட்டும் வைத்துத் தண்டித்தால் தீர்ப்பு சட்டவிரோதமாகாது என்றது அன்று நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவிலுள்ள விளக்கமோ, முக்கிய விவரங்களில் வேறு சான்று துணை நிற்காவிட்டால் அவர் நம்பத்தக்கவரல்லர் என்று நீதிமன்றம் கருதலாம் என்றது. அப்ரூவரை நம்பிய சதி வழக்குகள் எல்லாமே இந்த இரண்டு வரிகளுக்கிடையே ஊசலாடியவை. 1945இல் சென்னை உயர்நீதிமன்ற செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்பு, ஒன்பது ஜூரிகளோடு விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஆறு பேரும், இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். ஆறு பேர் ஒத்த கருத்துக் கொண்டு நீதிபதியும் இசைந்தால் போதும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்பதில் மூவருக்கு ஐயம் இருந்தது என்பதைப் பின்னாளில் இந்தக் கதையைச் சொல்வோர் விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அன்று இதே ஆறுக்கு மூன்று வந்திருந்தால் தீர்ப்பே பிறந்திருக்காது. அங்கே அப்போது ஜூரிகள் ஒருமனதாக இருந்தாக வேண்டியிருந்தது.

மேல்முறையீட்டின் கதையில்தான் வழக்கின் உண்மையான திருப்பம் இருக்கிறது. உயர்நீதிமன்றமே ஜூரிகளோடு நடத்திய விசாரணையில் தண்டனை பெற்றவர்கள், நிகழ்வுகளைப் பற்றிய முடிவையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழிவிட்ட 411ஏ என்ற பிரிவு 1943இல்தான் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. சிறிது காலம் முன்பு இந்தக் கொலை நடந்திருந்தால் அந்தக் கதவே இருந்திராது. முதல் முறையீட்டை உயர்நீதிமன்றம் 1945இலேயே தள்ளுபடி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், ஷகாபுதீன் இருவரும் அப்ரூவரின் சாட்சியத்தை ஏற்காமல், 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவித்தார்கள். அப்போது அவர்கள் சுமார் முப்பது மாதச் சிறைவாசத்தை முடித்திருந்தார்கள்.

இந்த விடுதலைக்கு எழும் முதல் மறுப்பு, பணமும் புகழும் உள்ளவர்கள் லண்டன் வரை போய்த் தப்பினார்கள் என்பது. லண்டனுக்குப் போகப் பணம் வேண்டும் என்பது மெய்தான். ஏழைக் கைதி ஒருவருக்கு இந்த வழி திறந்திருக்காது. ஆனால் அது ஏழைக்கு நேர்ந்த அநீதியைக் காட்டுமே தவிர, இவர்களின் குற்றத்தைக் காட்டாது. போதாத சாட்சியம் பணக்காரருக்கு எதிராக வைக்கப்பட்டாலும் போதாததுதான். தவிர, புகழ் இவர்களுக்கு உதவியது என்றே கொண்டால், முதல் விசாரணையில் ஏன் உதவவில்லை என்பதற்கு விடை வேண்டும். இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: மனுவால் மூட முடியாத வாயை வேறு வழியில் மூட இவர்களுக்குத்தானே காரணம் இருந்தது? இருந்தது. ஆனால் மிரட்டிக் காசு வாங்குவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு விரோதிகள் மூன்று பேரோடு நின்றுவிடுவார்களா? இதழில் பெயர் வந்தவர்கள், வராமலிருக்கக் கப்பம் கட்டியவர்கள், அடுத்த வாரம் வருமோ என்று நடுங்கியவர்கள் எல்லாருக்கும் அதே காரணம் உண்டு. மற்றவர்கள் பயத்தை வெளியே காட்டாமலிருக்க, இந்த மூவர் மட்டும் கையெழுத்துப் போட்டு ஆளுநரிடம் கொடுத்ததால் கண்ணில் பட்டார்கள். நோக்கம் புலனாய்வுக்குத் திசை காட்டலாம். சாட்சியத்தின் இடத்தை அது நிரப்பாது.

வழக்கு பாகவதரை அழித்தது என்ற பரவலான கூற்றையும் இங்கே சோதித்துப் பார்ப்பது நல்லது. விடுதலைக்குப் பின் வந்த ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952) எதுவும் அவரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. 1959 நவம்பர் 1 அன்று இறந்தார். ஆனால் அதே கறையோடு வெளியே வந்த கிருஷ்ணன் ‘சந்திரலேகா’விலும் ‘நல்லதம்பி’யிலும் மின்னினார், 1951இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். நாயுடு கோவைப் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோவை நடத்தி, எம்.ஜி.ஆரை வைத்து ‘மலைக்கள்ளன்’ (1954) எடுத்தார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. இந்தி உட்பட மேலும் ஐந்து மொழிகளிலும் அதே கதையை எடுத்தார். ஒரே வழக்கு மூன்று விதமான முடிவுகளைத் தந்தது என்றால், காரணத்தை வழக்குக்கு வெளியிலும் தேடியாக வேண்டும். பாகவதர் சிறையிலிருந்தபோது தமிழ்ப்படம் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது அந்த மாற்றம் முடிந்தேவிட்டது. இரண்டரை ஆண்டு இல்லாமற் போனது எவரையும் பாதிக்கும். ஆனால் குரலையே மூலதனமாகக் கொண்டவரை அது கூடுதலாகப் பாதித்தது.

ஹாலிவுட்டில் இதற்கு நெருங்கிய இணை உண்டு. இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் 1922 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவரோடு பழகிய மேபல் நார்மண்ட், மேரி மைல்ஸ் மின்டர் என்ற இரு நடிகையரின் திரைவாழ்க்கை அந்தப் பேச்சிலேயே சரிந்தது. நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாக மூன்று முறை விசாரிக்கப்பட்டு, 1922 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட பிறகும் பழைய இடத்துக்கு வரவே இல்லை. நம் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. 2018 பிப்ரவரியில் துபாயில் இறந்த நடிகை ஸ்ரீதேவியின் மரணம் தற்செயலாக நீரில் மூழ்கியதால் நேர்ந்தது என்று அந்நாட்டு அதிகாரிகள் சில நாள்களிலேயே முடிவு செய்து கோப்பை மூடினார்கள். அதற்கு விடை இருக்கிறது, ஏற்காதவர்கள்தான் இருக்கிறார்கள். லட்சுமிகாந்தன் வழக்கில் விடையே இல்லை. இரண்டையும் ‘மர்ம மரணம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும்போது, விசாரித்து முடித்த மரணத்தின் மேல் வீண் சந்தேகமும், முடியாத கொலையின் மேல் வெறும் சுவாரசியமும் படிகின்றன.

கொலைக்கு இந்தியச் சட்டத்தில் கால வரம்பு கிடையாது. 1947க்குப் பிறகும் யாரேனும் புதிதாகத் துப்புத் துலக்கியிருக்கலாம். ஆனால் சதியின் இருப்பிடமே நட்சத்திரங்களின் வட்டம்தான் என்று வைத்துப் பின்னப்பட்ட வழக்கு அது. அந்த வட்டம் நிரூபணமாகாதபோது, வேறு இடத்தில் தேடியிருக்க வேண்டிய இரண்டரை ஆண்டுகள் கடந்துபோயிருந்தன. விடுதலைத் தீர்ப்பை மக்கள் வழக்கின் முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தின் கணக்கில் அது இரண்டு மனிதர்களைப் பற்றிய முடிவு மட்டுமே. லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.