நல்கை

மேட்டூரில் அனல்மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் காவிரியை ஒட்டியே இருக்கின்றன. இந்த ஊரின் நீரையும் மண்ணையும் சாம்பலையும் சோதிக்க வரும் இளம் ஆய்வாளரின் மாதப் பணத்தை 'உதவித்தொகை' என்கிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறது ஒன்றிய அரசு. அது உழைப்புக்கு உரியது, இரக்கத்துக்கு அல்ல. இதையே ஆங்கிலத்தில் 'ஃபெல்லோஷிப்' என்கிறார்கள். அதிலுள்ள 'ஃபெல்லோ'வின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. பொதுக் காரியத்துக்குப் பணம் போட்ட கூட்டாளி என்பது முதற்பொருள். பிறகு தோழன், கல்லூரி உறுப்பினர் என்று நகர்ந்தது. இன்று 'ஃபெல்லோஷிப் வந்துவிட்டதா?' என்றால் பணத்தைத்தான் கேட்கிறார்கள். தமிழக அரசு தன் ஃபெல்லோஷிப் திட்டம் ஒன்றுக்கு 'முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம்' என்று பெயர் வைத்தது. நல்ல சொல்தான், ஆனால் 'புத்தாய்வு' என்பது செய்யும் வேலையைச் சொல்கிறது, கொடுக்கும் கையைச் சொல்லவில்லை. 'நல்கு' என்ற வினை அதைச் சொல்லும்; அதிலிருந்து வருவதே 'நல்கை'. புறப்பாடல்களில் புரவலன் பரிசிலருக்குக் கொடுப்பது நல்குதல். அகப்பாடல்களில் தலைவன் தலைவியிடம் அன்பு செய்வதும் நல்குதலே. கொடையும் பரிவும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. இதன் அருகிலேயே நிற்கும் 'நல்குரவு' வறுமையைக் குறிப்பது வியப்பு. குறளின் 105ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். நல்கை தாமதமானால் ஆய்வாளருக்கு நேர்வதும் அந்த நல்குரவுதான். ஆய்வுக்குத் தரும் பணத்தைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் படிவங்களில் 'ஆய்வு நல்கை' என்றே அச்சிடட்டும். மாதம் தவறாமல் கொடுக்கவும் செய்யட்டும்.