படலையும் பூட்டும்

போன வருடம் எங்கள் பட்ச்சில் போடிங் காசு கட்ட முடியாமல் இருந்தவர்களுக்காகக் கொஞ்சம் பணம் சேர்த்தோம். யாருக்கு எவ்வளவு என்று ஒரு எக்செல் தாள். பெயருக்கும் தொகைக்கும் இடையில் ஒரு நிரலில் காரணத்தையும் எழுதியிருந்தோம். தகப்பனுக்கு வேலை போனது, வீட்டில் ஒருவருக்கு வருத்தம், அடகில் கிடக்கும் நகை, இப்படி. காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்தானே. அந்த நிரலை மறைத்து, தாளுக்குக் கடவுச்சொல்லும் போட்டு, வட்ஸ்அப் குழுவில் அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு தோழி வந்து கேட்டாள்: "எங்கட வீட்டு விசயம் எப்பிடி எல்லாருக்கும் தெரியுது?"

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒருவர் பெயர் நிரலிலிருந்து தொகை நிரல் வரை இழுத்துத் தெரிந்து, கொப்பி பண்ணி, புதிய தாள் ஒன்றில் ஒட்டியிருக்கிறார். நடுவில் மறைந்திருந்த நிரலும் கூடவே வந்து சாதாரணமாக நின்றுவிட்டது. கடவுச்சொல்லை எதுவும் கேட்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவும் தெரியவில்லை.

பூட்டிய தாள் எப்படித் திறந்தது என்று தேடப்போனோம். கிடைத்த பதில், நாங்கள் அதைப் பூட்டவேயில்லை என்பது. இதை மைக்ரோசொஃப்ட் நிறுவனமே 2004இல் சொல்லியிருக்கிறது.

அந்த வருட ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வேர்ட் மென்பொருளின் படிவப் பூட்டைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார். விலை மனு, ஒப்பந்தம் போன்ற படிவங்களை அனுப்பும்போது, பெறுகிறவர் வெற்றிடங்களை மட்டும் நிரப்பலாம், மற்ற வரிகளைத் தொட முடியாது என்று கடவுச்சொல் போட்டு வைப்பார்கள். அந்தக் கோப்பை இணையப் பக்கமாகச் சேமித்துப் பார்த்தால், கடவுச்சொல்லிலிருந்து கணித்த ஓர் எண் உள்ளே வெளிப்படையாக எழுதியிருக்கும். அதே எண்ணை மூலக் கோப்பில் தேடிப் பூச்சியமாக்கினால் போதும், பூட்டு இல்லை. இதைவிட மோசமானது அடுத்த படி. வரிகளை மாற்றிவிட்டுப் பழைய எண்ணைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடலாம். அனுப்பியவரின் கடவுச்சொல் முன்போலவே வேலை செய்யும். ஒப்பந்தம் மாறியது அவருக்குத் தெரியவே தெரியாது.

மைக்ரோசொஃப்டின் பதில்: இது பாதுகாப்பு ஓட்டை அல்ல, ஏனென்றால் இது பாதுகாப்பு வசதியே அல்ல. பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒருவர் கை தவறி இன்னொருவரின் வேலையை அழித்துவிடாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டுகள். நிறுவனத்தின் உதவிக் குறிப்பு ஒன்று இப்படிப்பட்ட வசதிகளைச் சேர்த்து, கூட்டாக வேலை செய்ய உதவுபவை, பாதுகாப்பைக் கூட்டுவதற்கானவை அல்ல என்றே தலைப்புப் போட்டிருந்தது.

முதலில் வாசித்தபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அகப்பட்ட பிறகு சொல்லும் சாட்டு மாதிரி இருந்தது. ஆனால் யோசித்தால் அதில் பொய் இல்லை. எங்கள் வீடுகளில் படலையைச் சாத்துவது ஆடு மாடு உள்ளே வராமலிருக்க. கள்ளனுக்காக யாரும் படலை கட்டுவதில்லை. படலைக்குக் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை வைத்ததுதான் பிழை. பின்னர் வந்த ஒஃபிஸ் பதிப்புகளில், கோப்பை உண்மையாகவே குறியாக்கம் செய்யும் கட்டளையும் தாளைச் சும்மா சாத்திவைக்கும் கட்டளையும் 'புரொடெக்ட்' என்ற ஒரே பட்டியலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்திலாவது 'புரொடெக்‌ஷன்', 'செக்கியூரிட்டி' என்று இரண்டு சொல் உண்டு. நாங்கள் இரண்டையும் பாதுகாப்பு என்றுதான் சொல்கிறோம்.

சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். அதனால் கோப்பு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது அவர்களுக்கு நல்லது. யார் திருத்தினார், எதை வெட்டினார், எப்போது. அதே கோப்பு கதவைத் தாண்டி வெளியே போகும்போதுதான் கரைச்சல்.

2003 பெப்ரவரியில் பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றிய ஆவணம் ஒன்றைத் தன் இணையத்தளத்தில் வேர்ட் கோப்பாகவே போட்டது. பெப்ரவரி 5ஆம் திகதி கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அதைப் புகழ்ந்தும் பேசினார். பிறகு கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் கிளென் ரங்வாலா, அதன் பெரும்பகுதி வேறொருவரின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எழுத்துப் பிழையோடு கொப்பி அடிக்கப்பட்டது என்று காட்டினார். (எங்கள் ஒப்படைகளில் இதைச் செய்தால் பூச்சியம்.) கோப்புக்குள் இன்னொன்றும் இருந்தது. அதைக் கடைசியாகச் சேமித்த பத்துத் தடவைகளின் பதிவு, சேமித்தவர்களின் பெயர்களோடு. உளவுத்துறையின் ஆவணம் என்று நம்பப்பட்டதை யாருடைய கணினிகளில் வைத்துத் தொகுத்தார்கள் என்று அந்தப் பதிவே சொல்லிவிட்டது. அந்த நால்வரும் யார் என்று அலஸ்டையர் கெம்பல் நாடாளுமன்றக் குழு முன் விளக்க வேண்டியதாயிற்று.

2005 ஒக்டோபரில் ஐ.நா.வின் முறை. லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி கொலையைப் பற்றி டெட்லெவ் மெஹ்லிஸ் கொடுத்த அறிக்கையின் வேர்ட் கோப்பில், திருத்தங்களைத் தடம் வைக்கும் வசதி அணைக்கப்படாமல் இருந்தது. சிரிய ஜனாதிபதியின் தம்பி, மைத்துனர் ஆகியோரின் பெயர்கள் வெட்டப்பட்டதும், வெட்டப்பட்ட நேரமும் அப்படியே தெரிந்தன. ஒரு சாட்சி மட்டுமே சொன்னது என்பதால் எடுத்தோம், யாரும் அழுத்தம் தரவில்லை என்றார் மெஹ்லிஸ். நியாயமான காரணமாகவே இருக்கலாம். ஆனால் யாரைக் காப்பதற்காகப் பெயரை எடுத்தார்களோ அவர்களின் பெயரே அடுத்த நாள் செய்தியானது.

இந்த இரண்டு கதையிலும் அதிகாரத்தில் இருந்தவர்களின் மானம்தான் போனது. எங்களுக்கு அதில் பெரிய துக்கம் இல்லை.

உண்மையான பூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொல்லலாம். கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும் வசதி வேறு வகை. அது உள்ளே இருப்பதை மறைப்பதில்லை, கலைத்து எழுதுகிறது. 1997 பதிப்பில் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தின் காரணமாக அது வெறும் 40 பிட் பலத்தில்தான் இருந்தது. 2007இல் 128 பிட் வந்தது. ஒவ்வொரு கடவுச்சொல்லையும் சோதிக்க 50,000 தடவை கணக்குப் போட வேண்டும், அதனால் ஊகித்துத் திறப்பது கடினமானது. அதே 2007 பதிப்பில் எக்செல் தாளின் சாத்து என்னவாக இருந்தது? புதிய கோப்பு வடிவம் ஒரு ஸிப் பொதி. அதைப் பிரித்து ஒரு வரியை அழித்தால் சாத்து இல்லை. பழைய வடிவத்தில் இன்னும் வேடிக்கை. நீங்கள் எவ்வளவு நீளமான கடவுச்சொல் போட்டாலும் அது 32,768 சாத்தியங்களுக்குள் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஒத்துப்போகும் ஏதோ ஒரு சொல்லைக் கணினி கெதியாகக் கண்டுபிடித்துவிடும்.

இனி வட அயர்லாந்து. 2023 ஓகஸ்ட் 8. ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பொலிஸார் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார். பொலிஸ் ஒரு எக்செல் கோப்பை அனுப்ப, அது பொது இணையத்தளத்தில் ஏறியது. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணிக்கையை எடுத்த மூலத் தாள் மறைந்த நிலையில் கோப்புக்குள்ளேயே இருந்தது. 9,483 பேரின் குடும்பப்பெயர், முதலெழுத்து, தரம், வேலை செய்யும் இடம், பிரிவு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அது எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருந்தது.

அந்த நாட்டில் பொலிஸாக இருப்பது என்ன என்று தெரிந்தால்தான் இதன் பாரம் புரியும். அதே வருடம் பெப்ரவரியில் ஓமா நகரில் ஒரு மூத்த துப்பறிவாளரை, பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கிவிட்டு நின்றபோது, சுட்டிருந்தார்கள். காலையில் காருக்குக் கீழே குனிந்து குண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள் அவர்கள். என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொந்தக்காரருக்கே சொல்லாதவர்களும் உண்டு. அப்படி வருடக்கணக்காகக் காத்த விசயத்தை மறைத்த தாள் ஒன்று ஒரு பின்னேரத்தில் கொட்டிவிட்டது. 2024 ஒக்டோபரில் தகவல் ஆணையாளர் அலுவலகம் பொலிஸுக்கு 750,000 பவுண் தண்டம் விதித்தது. அந்தக் கோப்பைத் தயாரித்தவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, எந்தச் சதியும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாததை இல்லாதது என்று நினைத்தார். நாங்கள் நினைத்ததும் அதுதான்.

இதற்கு முந்தைய வருடம், 2022 பெப்ரவரியில், பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து ஒருவர் நூற்றைம்பது வரி இருக்கிறது என்று நம்பி அனுப்பிய தாளில், தலிபான்களுக்குப் பயந்து புகலிடம் கேட்ட ஏறக்குறைய 18,700 ஆப்கானியரின் விபரம் இருந்தது. நீதிமன்றத் தடையால் அந்த மக்களுக்கே அது 2025 ஜூலை வரை சொல்லப்படவில்லை.

எங்கள் குழு இப்போது காரணங்களைக் கோப்பில் எழுதுவதில்லை. ஒருவர் மட்டும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். குழுவுக்குப் போகும் தாளில் பெயரும் இல்லை, மொத்தத் தொகை மட்டும். இந்தத் தவணையும் உதவி கேட்கச் சொல்லி அறிவித்தோம். பதினொரு பேர் வந்தார்கள். அந்தத் தோழி வரவில்லை.