உகாண்டாவில் தொடங்கிய ஒற்றை வரி

1977. உகாண்டாவில் இடி அமீன் ஆட்சி. மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள், அதே அரசுக்கு ஐரோப்பியச் சமூகத்தின் உதவிப் பணமும் போய்க்கொண்டிருந்தது. 1975-இல் டோகோ நாட்டின் லோமே நகரில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி அது தர வேண்டிய பணம். ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46-உடன் ஒன்பது ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட அந்த உடன்படிக்கை வர்த்தகச் சலுகைகளையும் நிதியுதவியையும் விரிவாகப் பேசியது. கையெழுத்திட்ட அரசே தன் மக்களைக் கொன்றால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பணத்தை நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பழி ஐரோப்பியர் மீதே விழும்.

அந்த ஜூன் மாதம் ஐரோப்பிய அமைச்சர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். உகாண்டாவுக்குத் தரும் உதவி, அந்நாட்டு மக்களின் அடிப்படை உரிமைகள் மறுக்கப்படுவதை வலுப்படுத்தவோ நீட்டிக்கவோ கூடாது என்பதே அதன் சாரம். சட்ட வலிமை எதுவும் அதற்கு இல்லை. ஆனாலும் அந்தச் சமூகத்தின் வாரிசான ஐரோப்பிய ஒன்றியம் இன்று செய்யும் ஒப்பந்தங்களில் இடம்பெறும் மனித உரிமை ஷரத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வரி ஒப்பந்தத்துக்குள் நுழைய பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆப்பிரிக்க நாடுகள் எதிர்த்தன. நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்துகொண்டே எங்களுக்கு உரிமைப் பாடம் நடத்துகிறீர்களா என்று அவை கேட்டதில் நியாயம் இருந்தது. 1989-இல் நான்காம் லோமே உடன்படிக்கையில் ஷரத்து இடம்பிடித்தது. மீறினால் என்ன ஆகும் என்று மட்டும் அது சொல்லவில்லை. மறு ஆண்டு அர்ஜென்டினாவுடன் ஒப்பந்தம். அங்கே நிலைமை நேர்மாறு. ராணுவ ஆட்சியிலிருந்து மீண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்த நாடு, ஜனநாயகமே இந்த உறவின் அடிப்படை என்று எழுதும்படி தானே கேட்டது. இந்த ஷரத்து ஏழைகள் மீது பணக்கார நாடுகள் திணித்தது மட்டுமே என்பவர்களுக்கு நான் அர்ஜென்டினாவை நினைவூட்டுவேன்.

1992-இல் பால்டிக் நாடுகளுடன் எழுதிய ஒப்பந்தங்களில் ஷரத்துக்குப் பல் முளைத்தது. மனித உரிமையை மதிப்பது ஒப்பந்தத்தின் ‘இன்றியமையாத கூறு’ என்று எழுதினார்கள். ஒப்பந்தங்கள் பற்றிய 1969-ஆம் ஆண்டின் வியன்னா சாசனப்படி, நோக்கம் நிறைவேற இன்றியமையாத ஒரு பிரிவை ஒரு தரப்பு மீறினால் மறுதரப்பு ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம். உகாண்டாவில் இல்லாமற்போன சட்ட வழி இப்படித்தான் திறந்தது. 1995 முதல் எல்லா ஒப்பந்தங்களிலும் இது கட்டாயம் என்று முடிவாயிற்று.

இந்தியாவுடன் 1993-இல் கையெழுத்தான ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலும் இதே வாசகம் உண்டு. அதை நீதிமன்றத்துக்கு இழுத்தது இந்தியா அல்ல, போர்ச்சுக்கல். இப்படியொரு ஷரத்தை எழுத ஐரோப்பியச் சமூகத்துக்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வி. உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே ஆஸ்திரேலியா இந்த ஷரத்தோடு ஒப்பந்தம் செய்ய மறுத்தது. வெறும் கூட்டுப் பிரகடனத்தோடு விஷயம் முடிந்தது. மறுக்க முடிந்தவர்கள் மறுத்தார்கள்.

மறுக்க முடியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதை பிஜியில் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தன் சர்க்கரை விலையைக் கட்டம் கட்டமாக 36 சதவீதம் குறைக்க முடிவு செய்திருந்த நேரம். பாதிக்கப்படும் நாடுகளுக்குச் சீரமைப்புப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. 2006 டிசம்பரில் பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லோமேயின் இடத்துக்கு 2000-இல் வந்திருந்த கோட்டனூ உடன்படிக்கையின்படி பேச்சுவார்த்தை நடந்தது. 2009-க்குள் தேர்தல் நடத்துவதாக ராணுவம் வாக்களித்தது, நடத்தவில்லை. தேர்தல் வந்தது 2014-இல்தான். பிஜிச் சர்க்கரை ஐரோப்பாவுக்குக் கப்பலேறுவது நிற்கவில்லை; நின்றது சீரமைப்புப் பணம். கரும்பு விவசாயிகளில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள். தமிழ் மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. விலையும் குறைந்தது, உதவியும் வரவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தார்கள்.

இலங்கையுடன் 1994-இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் ஷரத்து இருந்தது, உள்நாட்டுப் போர் முழுவதும் தொடப்படாமலே. கடைசியில் பயன்பட்டது அதன் நெருங்கிய உறவான ஜிஎஸ்பி பிளஸ். இது ஒப்பந்தமல்ல, 27 சர்வதேச சாசனங்களைக் கடைப்பிடிக்கும் வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தானாகத் தரும் வரிச் சலுகை. விசாரணை 2008 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு நடந்தது. இடையில், 2009 மே மாதத்தில், போரின் முடிவு: முள்ளிவாய்க்கால். சித்திரவதைக்கு எதிரான சாசனம் உட்பட மூன்றை இலங்கை கடைப்பிடிக்கவில்லை என்று அறிக்கை சொன்னது. 2010 ஆகஸ்ட் 15 அன்று சலுகை போயிற்று. வரியில்லாமல் போன ஆடைகளுக்கு 9.6 சதவீதம் வரி விழுந்தது. அந்தப் பாரம் கட்டுநாயக்கா ஆடை ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்களை நோக்கி நகர்ந்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிய வன்னித் தாய்க்கு அதனால் ஒரு பதிலும் வரவில்லை. 2017 மே மாதம் சலுகை திரும்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவதாக அளித்த வாக்குறுதியும் அதற்கு ஒரு காரணம். 1979-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது, நீக்கப்படவில்லை.

2025 ஜூனில், இஸ்ரேலுடனான ஒப்பந்தத்தில் இதே ஷரத்தான இரண்டாம் பிரிவு மீறப்பட்டிருப்பதற்கான அறிகுறிகள் உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த ஆய்வே கூறியது. செப்டம்பரில், வர்த்தகச் சலுகைகளை நிறுத்தும் யோசனையை ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. உறுப்பு நாடுகளிடையே போதிய ஆதரவு கூடவில்லை. பிஜியில் எவ்வளவு விரைவாக எழுந்த கை அது!

இதையெல்லாம் பார்த்தபின்னும் ஷரத்தை நீக்கிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாத உலகம் 1977-இல் எப்படி இருந்தது என்று தெரியும். ஆனால் இந்த ஷரத்தைக் கையிலெடுக்கும் அதிகாரம் அரசுகளுக்கு மட்டுமே இருப்பது பெரும் அநீதி. யாருடைய உரிமை பறிபோனதோ அவருக்கு அதில் பேச்சே இல்லை. வர்த்தகப் புகார்களுக்காக பிரசல்ஸில் 2020-இல் ஒரு முகப்பைத் திறந்தார்கள். தொடக்கத்தில் அது ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மட்டும்.

அப்போதைய ஜிஎஸ்பி விதிமுறையை 2023-இல் 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அடுத்த விதிமுறையின்கீழ் இலங்கையைப் பரிசீலிக்கும்போது, ஆணையத்தின் அதிகாரிகள் கொழும்பு அமைச்சகங்களோடு நின்றுவிடக் கூடாது. கிளிநொச்சியில் மகனின் படத்தோடு போராடும் தாய்மாரின் வாக்குமூலமும், கட்டுநாயக்காத் தொழிலாளர்களின் வாக்குமூலமும் அந்தக் கோப்பில் ஏற வேண்டும். அவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்லாமல் எந்த முடிவும் செல்லாது என்று விதியிலேயே எழுத வேண்டும்.