விதி எழுதிய கைகள்

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இலக்கண ஆசிரியர் எழுதிவைப்பதும் விதி. தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதும் விதி. முன்னதை மனிதர்கள் எழுதுகிறார்கள், வேண்டும்போது திருத்துகிறார்கள். பின்னது மாறாதது என்று நம்பவைக்கப்படுகிறோம். பெண்களுக்கென எழுதப்படும் விதிகளில் முன்னது பெரும்பாலும் பின்னதன் வேடத்தில்தான் வரும். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு விளையாட்டு விதிகளின் மீது ஆர்வம் வந்தது இந்த வேடத்தினால்தான். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து இதற்குத் தெளிவான சான்று. எப்படி ஆடலாம், யார் ஆடலாம் என்ற இரண்டு வகை விதிகளும் அங்கே நூறாண்டுகளில் பலமுறை மாற்றி எழுதப்பட்டன.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். லிதுவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்துப் பெண் அவர். 1893 மார்ச்சில் முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. பந்தை மேலே வீசிய கணத்திலேயே முதலாமாண்டு அணித் தலைவியின் தோள்மூட்டு நழுவியது. வேறொருத்தியை இறக்கி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

பெரன்சன் ஆண்களின் விதிகளை அப்படியே ஏற்கவில்லை. ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். தன் பகுதிக் கோட்டை எவளும் தாண்டக்கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. இன்று படித்தால் கோபம் வருகிறது. ஆனால் அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். உயர்கல்வி பெண்ணின் கருப்பையைக் கெடுக்கும் என்று 1873இல் புத்தகமே எழுதியிருந்தார் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க். படிப்பதற்கே அந்த அச்சுறுத்தல் என்றால் ஓடிக் குதிப்பதற்கு? 'பாதுகாப்பான விதி' என்ற சீட்டைக் காட்டித்தான் பெரன்சன் பெண்களை ஆடுகளத்துக்குள் கொண்டுவந்தார். அந்தச் சீட்டே பின்னர் வேலியாகிவிட்டது.

1938இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. அணிக்கு ஆறு பேர்: மூவர் ஒரு பாதியில் கூடைக்குள் எறிவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். தடுப்பவள் ஆட்டக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கி எறியமாட்டாள். எத்தனை முறை வேண்டுமானாலும் பந்தைத் தட்டிச் செல்லலாம் என்ற அனுமதி 1966இல் வந்தது. ஐந்து பேர் முழு ஆடுகளத்திலும் ஓடும் ஆட்டம் கல்லூரிப் பெண்களுக்கு 1971இல்தான் விதியானது. பெண்ணின் இதயம் தாங்காது என்று எண்பதாண்டுகளாகச் சொல்லப்பட்டதைத் தாளில் ஒரு திருத்தம் முடித்துவைத்தது. அந்த எண்பதாண்டுகளில் பெண் உடல் மாறிவிடவில்லை.

யார் ஆடலாம் என்ற தகுதி விதிகளின் கதை இன்னும் சிக்கலானது. கல்லூரிகளுக்கிடையே போட்டியே வேண்டாம் என்று 1920களில் பெண் உடற்கல்வியாளர்கள் பலர் முடிவெடுத்தார்கள். பல கல்லூரி மாணவிகள் ஓரிடத்தில் கூடுவார்கள். அவர்களைக் கலந்து அணி பிரிப்பார்கள். எந்தக் கல்லூரியும் வென்றதாகாது. திறமைசாலிகளை மட்டும் பொறுக்கியெடுக்காமல் எல்லாப் பெண்களும் ஆடவேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. போட்டியிட விரும்பியவளின் ஆசைக்கு அதில் இடமில்லை.

1971இல் ஏஐஏடபிள்யூ என்ற கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் உருவானது. அதைப் பெண்களே நடத்தினார்கள், விதிகளையும் அவர்களே எழுதினார்கள். ஆண்கள் விளையாட்டில் பணம் செய்த கேடுகளைக் கண்டிருந்ததால், விளையாட்டுக்காக உதவித்தொகை பெறும் மாணவி எங்கள் போட்டிகளில் ஆடமுடியாது என்றார்கள். ஆண் வீரனுக்குப் படிப்பே இலவசம். அதே உதவியைப் பெற்ற பெண்ணுக்கு வாசல் அடைப்பு. ஃபுளோரிடாவின் மேரிமவுண்ட் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்த ஃபெர்ன் லீ கெல்மையரும், உதவித்தொகை பெற்ற டென்னிஸ் மாணவிகளும் 1973 தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சில மாதங்களில் சங்கம் விதியைத் திருத்தியது. பெண்களைக் காக்கப் பெண்களே எழுதிய விதியை அந்தப் பெண்களே எதிர்த்து மாற்றிய இந்த நிகழ்வு எனக்கு முக்கியமானது. நம்மைக் காக்கிறோம் என்பவர்களிடமும், அவர்கள் நம் தோழியராகவே இருந்தாலும், கணக்குக் கேட்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1972 ஜூன் 23 அன்று, டைட்டில் நைன் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். ஆண்கள் விளையாட்டை ஆண்டுவந்த என்சிஏஏ இந்தச் சட்டம் விளையாட்டுக்குப் பொருந்துவதை எதிர்த்து 1976இல் நீதிமன்றம் போனது. வெல்ல முடியவில்லை. பெண்கள் விளையாட்டு வளரப்போகிறது என்று தெரிந்தபின், 1981இல், தானே பெண்கள் போட்டிகளை நடத்த முடிவெடுத்தது. இறுதிச் சுற்றுக்கு வரும் அணிகளின் பயணச் செலவை ஏற்றது, தொலைக்காட்சியையும் காட்டியது. கல்லூரிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1982இல் ஒரே நாட்டில் இரண்டு கல்லூரி மகளிர் கூடைப்பந்துச் சாம்பியன்கள்: என்சிஏஏ போட்டியில் லூசியானா டெக், மகளிர் சங்கப் போட்டியில் ரட்கர்ஸ். அந்த ஆண்டே மகளிர் சங்கம் செயல்பாட்டை நிறுத்தியது. தொடுத்த வழக்கிலும் தோற்றது.

இதை முழு இழப்பு என்று எழுதிவிட முடியாது. அந்த முதல் என்சிஏஏ இறுதியாட்டத்துக்கு வந்த இன்னொரு அணி, விவியன் ஸ்ட்ரிங்கர் பயிற்றுவித்த செய்னி ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரி. உதவித்தொகையும் பயணப்படியும் வந்ததால் படித்து முடித்த பெண்கள் ஏராளம். ஆனால் 1972இல் கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். பின்னர் அது பாதிக்கும் கீழே போயிற்று. ஆடும் பெண்கள் பெருக, விதி எழுதும் இடத்தில் பெண்கள் சுருங்கினார்கள்.

இழந்தது என்ன என்பதற்கு ஒரு தகுதி விதியே போதும். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவி உடனே ஆடலாம் என்று மகளிர் சங்கம் 1970களிலேயே எழுதியிருந்தது; அவளை முதலில் மாணவியாகவும் பிறகே வீராங்கனையாகவும் பார்த்ததன் விளைவு அது. என்சிஏஏயின் முதல்நிலைக் கூடைப்பந்தில் அப்படி மாறியவள் பொதுவாக ஓராண்டு வெளியே உட்காரவேண்டியிருந்தது. ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்று அந்த அமைப்பு 2021இல் அனுமதித்தது. பெண்கள் எழுதி வைத்திருந்த வரிக்குத் திரும்பிவர நாற்பதாண்டுகள் ஆயின. இடையில் உட்காரவைக்கப்பட்டவளுக்கு ஓராண்டு என்பது கல்லூரி வாழ்வில் நான்கில் ஒரு பங்கு.

நம் கல்லூரிகளிலும் தகுதிப் படிவங்கள் இருக்கின்றன: வயது, வருகைப்பதிவு, சான்றிதழ், முதல்வர் கையொப்பம். என் மாணவிகள் அவற்றைப் படிக்காமலே நிரப்பித் தருகிறார்கள். ஒரு நூற்பாவைப் படிப்பதுபோல அவற்றையும் படியுங்கள் என்பேன். யார் எழுதியது, எந்த ஆண்டில், யாரை மனதில் வைத்து, திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். திருத்துகிற அறையில் உங்களில் ஒருத்தியாவது இருக்கிறாளா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.