கையெழுத்தும் எழுத்தறிவும்: புதுக்கோட்டை முதல் நூம்பல் வரை

உலகில் எழுத்தறிவு பெறாத வயது வந்தோர் ஏறத்தாழ 75 கோடிப் பேர் என்றும், அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்றும் யுனெஸ்கோ கணிக்கிறது. வாசிப்பைத் தொழிலோடும் அன்றாடத் தேவையோடும் பிணைத்துக் கற்பிக்கும் 'செயல்முறை எழுத்தறிவு' என்னும் கருத்து 1965ஆம் ஆண்டு தெஹ்ரான் மாநாட்டிலேயே வலியுறுத்தப்பட்ட போதிலும், ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் வல்லவரா என்று மட்டுமே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வினவுகிறது. அவ்வினாவின் வழியே 2011இல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த 80.09 விழுக்காடு, கற்ற எழுத்து எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதைச் சொல்வதில்லை. முதியோர் கல்வியின் மையச் சிக்கல் அதுவே.

இதற்குப் புதுக்கோட்டை நல்ல சான்று. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், 1991இல் அங்குப் பரவிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம், அரிச்சுவடியோடு மிதிவண்டியையும் பெண்கள் கையில் கொடுத்தது. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியை வாங்கி, அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை அமர்த்திச் சென்றவர்கள் உண்டு. குவாரிக் குத்தகையைப் பெண்கள் குழுக்களாக எடுத்து நடத்தியபோது கணக்கும் எழுத்தும் கூலியோடு நேரடியாகத் தொடர்புற்றன. கற்றது நிலைக்க ஊதியமற்ற தொண்டர்களின் ஆர்வத்தைக் காட்டிலும் இத்தொடர்பே வலுவான காரணம் எனக் கொள்ளலாம். முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்ற அறிவிப்பு 1992 ஆகஸ்டில் வந்தது. அதன் பின்னான தொடர்கல்விக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. பிற்காலத்தில் சாக்சர் பாரத் என்னும் முதியோர் கல்வித் திட்டம், மையப் பொறுப்பாளருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் வைத்து நடந்து, 2018 மார்ச்சில் முடிவுற்றது.

மந்தையும் தெருக்கூத்தும் உள்ள கிராமத்துக்கென உருவான அறிவொளி முறையைச் சென்னையின் மேற்குப் புறநகருக்கு, குறிப்பாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்த நூம்பல் போன்ற பகுதிக்கு, அப்படியே கொண்டுவர இயலாது. அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்பவரும் கட்டட வேலைக்குச் செல்பவரும் ஒரே மாலை வேளையில் கூட முடிவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் தம் மொழியில் எழுத்தறிந்தவராகக் கணக்கில் இடம்பெற்றாலும், பேருந்தின் தமிழ்ப் பலகைக்கு முன் எழுத்தறியாதவரே.

2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்டோரை வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஆகிய மூன்றிலும் தேர்வு வைத்துச் சான்றளிப்பது, வெறும் தலைக்கணக்கைவிட மேலானதே. எனினும் கைபேசியின் குரல்பதிவும் படமும் படிக்கும் தேவையையே குறைத்துவிட்ட இக்காலத்தில், எழுத்து இன்றியமையாததாக நிற்கும் இடங்கள் கடன் பத்திரமும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும், ஏடிஎம் திரையும்தான். மகளிர் சுயஉதவிக் குழுப் பதிவேட்டில் கையெழுத்தைக் கோலம் போல வரையப் பழகிய பெண், பணம் எடுக்க முன்பின் அறியாதவரிடம் இரகசிய எண்ணைச் சொல்ல நேர்கிறது. அவர் பெயரோ கற்றவர் பட்டியலில் உள்ளது. ஆகவே தேர்வுத்தாளின் ஒரு பகுதியாவது கடன் பத்திரத்தின் வட்டி வரியைப் படித்துச் சொல்வதாக அமைவதும், தேறியவரை ஓராண்டு கழித்து மீண்டும் சோதிப்பதும் திட்டத்திற்குள்ளேயே இடம்பெற வேண்டும். அதற்கான பொறுப்பாளர் ஊதியத்தையும் திட்டத்தின் நிதியிலேயே ஒதுக்க வேண்டும்.