மடிக்கணினியில் வன்தட்டு மாற்றுதல்

மடிக்கணினியில் கடிதம், கணக்கு, படம், பாடம் ஆகிய சகலத்தையும் மின்சாரம் நின்ற பின்னும் காத்துவைக்கும் உறுப்பு வன்தட்டு. பேச்சுவழக்கில் ஹார்ட் டிஸ்க். அது பழுதடையத் தொடங்கும்போது அதிலுள்ளவற்றைப் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, புதிய தட்டில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதே இங்கு விவரிக்கப்படும் காரியமாகும். இம்மூன்றினுள் முதலாவதே பிரதானம். ஏனெனில் தட்டைக் கடையில் வாங்கிவிடலாம், இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம், பிரதியில்லாமல் அழிந்துபோன கோப்பையோ எந்த விலை கொடுத்தும் பெற முடியாமற் போகலாம்.

1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கிற்று. 1988-இல் பிரெய்ரிடெக் என்னும் அமெரிக்க நிறுவனம் 20 மெகாபைட் கொள்ளளவுள்ள இரண்டரை அங்குல வன்தட்டைக் கொண்டுவந்தது. மடிக்கணினிகளில் நிலைபெற்றுவிட்ட அளவு இதுவே. இன்றைய இரண்டரை அங்குலத் தட்டின் பெட்டி சுமார் 70 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும், 9.5 அல்லது 7 மில்லிமீட்டர் கனமும் உடையது. அதனுள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு, சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழல்கிறது. அதாவது, தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, எழுதவும் படிக்கவும் செய்யும் முனை அதற்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப்படலத்தின்மீது மிதக்கிறது. மேசையைவிட்டு அகலாத கணினிக்கு இவ்வமைப்பு பொருந்தும். பேருந்திலும் ரயிலிலும் தோளில் தொங்கி, கட்டிலிலிருந்து வழுக்கி விழுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தூக்கிச் செல்லப்படும் மடிக்கணினிக்கோ இது பிறவியிலேயே அமைந்த பலவீனமாகும். 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேட் கணினிகளில், அசைவை உணர்ந்தவுடன் அம்முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிவிடும் ஏற்பாட்டைச் சேர்த்தது இக்காரணத்தாலேயே.

பழுதின் அறிகுறிகள் பெரும்பாலும் மந்தத்தில் தொடங்குகின்றன. கணினியைத் திறந்தால் முகப்பு வருவதற்கே பல நிமிஷம் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் தொட்டால் மட்டும் திரை உறைந்து நிற்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்னும் பத்தி 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்க, படிக்கப்படும் அளவோ வினாடிக்குச் சில கிலோபைட்டுகளைத் தாண்டாது. இதன் காரணம் சூட்சுமமானதன்று. தட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்பு 512 பைட்டும் இப்போது பெரும்பாலும் 4,096 பைட்டும் கொண்ட அக்கட்டங்களுள் ஒன்று கெட்டுப்போனால், வன்தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. அம்முயற்சி நடக்கும் வரையில் கணினி முழுவதும் காத்துக்கிடக்க நேர்கிறது. நம் ஊர்க் கடைகள் பலவற்றில், மெதுவாகிவிட்டது என்று கொண்டுவரப்படும் கணினியை வைரஸ் என்று முடிவுகட்டி, தட்டைச் சோதியாமலே ‘ஃபார்மட்’ செய்து கொடுத்துவிடும் வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. அவ்வாறு செய்தால் புதிய விண்டோஸ் அதே கெட்ட கட்டங்களின்மேல் எழுதப்பட்டுச் சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்புவதோடு, மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் போய்விடுகின்றன. சோதனைக்கு முன் ஃபார்மட் என்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று.

அச்சோதனைக்குரிய கருவி ஒவ்வொரு வன்தட்டின் உள்ளேயே இருக்கிறது. ஸ்மார்ட் எனப்படும் அவ்வமைப்பு தட்டின் தேகநிலையை எண்களாகக் குறித்துவைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச நிரலாலும், லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பாலும் அதனைப் படிக்கலாம். பட்டியலில் பல வரிகள் காணப்படினும் கவனிக்க வேண்டியவை சிலவே. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின் தொகை. 197-ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவற்றின் தொகை. 198-ஆம் எண், தட்டின் சுயபரிசோதனையில் மீட்க முடியாதவை என்று கண்டவற்றின் தொகை. இவை பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறுமாயின் மாற்றுவதற்குரிய காலம் வந்துவிட்டது. 199-ஆம் எண் மட்டும் ஏறினால், குற்றம் தட்டில் அன்றி இணைப்பு வடத்திலோ முனையிலோ இருப்பதற்கே இடம் அதிகம். ஆயினும் ஸ்மார்ட் நல்ல நிலை என்று சொல்வதை அபயவாக்காகக் கொள்ளலாகாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்களாகிய பின்ஹெய்ரோ, வெபர், பாரோசோ ஆகிய மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பரப்புச் சோதனையில் முதற் பிழை தோன்றிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டதோடு, பழுதான தட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் முன்னறிவிப்புத் தராமலே போயின என்றும் கண்டார்கள்.

பழுது உறுதியானவுடன் செய்யத்தக்கது, அத்தட்டுக்கு மேலும் வேலை கொடாதிருத்தல். பிழை திருத்துவதாகப் பெயர்பெற்ற செக்டிஸ்க், கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் முதலியவை ஆரோக்கியமான தட்டுக்கு உரியவை. நோயுற்ற தட்டின்மேல் அவற்றை ஏவினால், எஞ்சியுள்ள ஆயுள் முழுவதும் அவ்வுழைப்பிலேயே செலவாகிவிடக்கூடும். ஆகவே முதலில், இழக்கவே கூடாத சில கோப்புகளை மட்டும் வெளிப்புறத் தட்டுக்கோ பென் டிரைவுக்கோ எடுத்துக்கொண்டு, அதன் பிறகே முழுத் தட்டையும் பிரதி எடுக்க முனைய வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்னும் குனூ நிரலுக்கு இணையாகச் சொல்லத்தக்கது அரிது. சாதாரணமாகப் பிரதி எடுத்தால் முதல் கெட்ட கட்டத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்; இந்நிரலோ தடை கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிச் சென்று, நல்ல பகுதிகள் யாவற்றையும் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கடைசியில் கெட்ட இடங்களுக்குத் திரும்பிவந்து சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும், தன் குறிப்புக் கோப்பைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டு ‘டிக், டிக்’ என்று சீரான ஒலி எழுப்பினால் இம்முயற்சியும் கூடாது. முனை தன் இருப்பிடத்தை அறியாமல் முட்டி மோதுவதன் அடையாளம் அவ்வொலி; அந்நிலையில் மின்சாரத்தை நிறுத்தி, தூசற்ற அறையுள்ள மீட்பு நிலையத்தாரிடம் கொடுப்பதே மார்க்கம். வீட்டில் தட்டின் மூடியைத் திறப்பது நாசத்தில் முடியும். முனைக்கும் பரப்புக்கும் இடையேயுள்ள வெளியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியும் பன்மடங்கு பெரியது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர் வரும் என்னும் பழைய நம்பிக்கையையும் பின்பற்றலாகாது. உள்ளே நீர்த்துளி படிந்து, இருந்ததும் போகும்.

பிரதி எடுக்கையில் மறந்துவிடக்கூடியவை சில உண்டு. டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ் கோப்புறை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, வியாபாரிகளுக்கு டேலியின் தரவுக் கோப்புறை ஆகியவை ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்னும் ஓரிடத்தில் இருப்பவையல்ல. தமிழில் எழுதுவோர் மற்றொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள், அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும், ஆதலால் எழுத்துருக் கோப்புகளையும் உடன் எடுத்துக்கொள்ளுதல் அவசியம். தட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருப்பின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி ஓடும்போதே தேடிக் குறித்துக்கொள்ளாவிடில், கழற்றிய தட்டை வேறு கணினியில் இணைத்தாலும் அதிலிருந்து ஒரு கோப்பும் கிடைக்காது.

புதிய தட்டாக எதை வாங்குவது என்பதில் இன்று அதிக விவாதத்துக்கு இடமில்லை. சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேட, முனை நகரும் நேரமும் தட்டு சுற்றிவரும் நேரமும் சேர்ந்து பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி அதனை ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதிக்குள் முடித்துவிடுகிறது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பழைய கணினிகளும் கூட, ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் போதுமானவையாகிவிடும். ஆனால் இடமறிந்து வாங்க வேண்டும். பழைய கணினிகளில் சாட்டா இணைப்புள்ள இரண்டரை அங்குல வகையும், புதியவற்றில் 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமுமுள்ள எம்.2 என்னும் மெல்லிய அட்டையும் பொருந்தும். எம்.2 உருவிலேயே சாட்டா முறை, என்விஎம்இ முறை என இரண்டு இருப்பதால், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கணினியின் மாதிரி எண்ணைப் பார்த்து எது ஏற்கும் என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே பணம் கொடுப்பது நலம். 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக் போன்று சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவற்றில் இம்மாற்றம் சாத்தியமில்லை.

பொருத்தும் வேலை எளிது. கணினியை உறங்கவிடாமல் முற்றிலும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றி அல்லது உள்ளிருக்கும் அதன் இணைப்பை விடுவித்து, உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். திங்க்பேட் எக்ஸ்220 போன்ற பழைய கணினியில் ஒரே திருகைக் கழற்றிப் பக்கவாட்டு மூடியை எடுத்தால், இருபுறமும் ரப்பர்ப் பட்டை அணிந்த தட்டு இழுத்தவுடன் வெளியே வந்துவிடும். அப்பட்டைகளைப் புதியதற்கு மாட்டி உள்ளே தள்ளினால் இணைப்பு முனைகள் தாமே பொருந்தும். மற்றவற்றில் அடிமூடி முழுவதையும் எடுக்க நேரும். நீளம் வேறுபட்ட திருகுகளை அவை இருந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தின்மேல் அடுக்கிவைத்தால் குழப்பமில்லை. எம்.2 அட்டையைச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தி, ஒரே திருகால் நிறுத்த வேண்டும்.

இயங்குதளத்தை நிறுவ, வேறொரு கணினியில் குறைந்தது 8 ஜிபி கொண்ட பென் டிரைவில் நிறுவற் பிரதியைத் தயாரிக்க வேண்டும்; மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அதற்குரிய கருவி இலவசமாகக் கிடைப்பதால், பெயர் தெரியாதோர் பகிரும் பிரதிகளை நாடுவது வீண் அபாயம். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 விசையை அழுத்தினால் பென் டிரைவிலிருந்து தொடங்கலாம். புதிய தட்டு ஒதுக்கப்படாத வெளியாகக் காணப்படும். அதைத் தேர்ந்து மேலே சென்றால் வேண்டிய பகுதிகளை நிரலே அமைத்துக்கொள்ளும். வேறு தட்டுகளும் இணைந்திருப்பின், பிரதி வைத்திருக்கும் வெளிப்புறத் தட்டு உட்பட, எல்லாவற்றையும் முன்னதாகவே பிடுங்கிவிட வேண்டும். தவறான தட்டை அழித்துவிடும் விபத்து நேர்வது இவ்விடத்திலேதான். இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதலான சில கணினிகளில் தட்டே தென்படாவிடில், அது பழுதன்று. தயாரிப்பாளர் தரும் சேமிப்பக இயக்கியைப் பென் டிரைவில் வைத்து ஏற்றினால் தோன்றும். உரிமத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் அனாவசியம். விண்டோஸ் 8 காலம் முதல் கணினியோடு வந்த சாவி தாய்ப்பலகையின் நிலைநிரலிலேயே பதிந்திருப்பதால், தட்டை மாற்றினாலும் உரிமம் மாறுவதில்லை.

விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு முதலியவற்றை வேண்டுகிறது. அவை இல்லாத பழைய கணினியில், குறுக்கு வழிகளைத் தேடுவதைவிட டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையொன்றை நிறுவுவதே தக்கது என்பது என் துணிபு. பழைய தட்டை அப்படியே புதியதில் பதித்துவிடும் குளோனிங் முறையும் உண்டு. தட்டு ஆரோக்கியமாக இருந்து, வேகத்துக்காக மட்டும் மாற்றுவோருக்கு அது சௌகரியம். பழுதான தட்டில் சிதைந்த அமைப்புக் கோப்புகளும் உடன் வருமாதலால், அங்கே புதிதாக நிறுவுவதே உத்தமம்.

எல்லாம் முடிந்து கோப்புகள் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்துத் தீரும் வரையில் பழைய தட்டைத் தொடாமல் சில மாதம் வைத்திருப்பது நன்று. பிறகு அதை அழிக்கும்போது, மேலெழுதும் நிரல்கள் கெட்டு ஒதுக்கப்பட்ட செக்டார்களை எட்டா என்பதால், அந்தரங்கத் தரவு இருந்த தட்டை உடைத்துவிடுவதே நிச்சயமான வழி. மடிக்கணினித் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை, நொறுங்கித் தெறிக்கும், ஆதலால் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்பணிந்து செய்ய வேண்டும். மின்னணுக் கழிவுக்கான இந்தியாவின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. உடைந்த தட்டையும் குப்பையில் போடாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படையுங்கள்.