மேஜர் ஜஸ்வந்த் சிங்கின் பேனா

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியும் திருச்சுழியும் அடங்கிய வறண்ட வட்டாரத்தில் வெள்ளாமை மழையையும் கண்மாயையும் நம்பியே இருப்பதால், மாதம் தவறாத சம்பளம் தரும் பட்டாளத்து வேலைக்கு மதிப்பு மிகுதி. ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர் நாட்டு நடப்பைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கும் அம்மதிப்பு உண்டு. பணியில் இருக்கும்வரை அவருக்கு வாய்ப்பூட்டுதான். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1954ஆம் ஆண்டு விதிகள், அவர் கட்சியில் சேர்வதையும், அனுமதியின்றி அரசியல் குறித்துப் பத்திரிகைக்கு எழுதுவதையும் தடுக்கின்றன.

ராஜஸ்தானின் பார்மேர் பகுதியிலுள்ள ஜசோலில் 1938இல் பிறந்து, 1957இல் அதிகாரியான ஜஸ்வந்த் சிங், 1966இல் மேஜர் பதவியைத் துறந்து, அவ்வாய்ப்பூட்டிலிருந்து விடுபட்டு அரசியலுக்கு வந்தார். அவர் தேர்ந்தது வலதுசாரி அரசியல். அதாவது, மரபான நிறுவனங்களைப் போற்றி, பொருளாதாரத்தில் அரசின் பிடியைத் தளர்த்தக் கோருவது. அதன் பொருளாதாரக் கொள்கையை 1959இல் சுதந்திரா கட்சியாகத் திரட்டிய ராஜாஜியோடு, இடதுசாரிக் கட்சியான பார்வர்டு பிளாக்கின் முத்துராமலிங்கத் தேவர் கைகோத்து, 1962இல் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியை வென்றதால், இவ்வட்டாரத்துக்கு அக்கொள்கை அயலானது அன்று.

படைப்புகழ் தானாக வாக்காகிவிடாது என்பதை, இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1971இல் மும்பையில் தோற்றதே காட்டியது. ஜஸ்வந்த் சிங்கோ 1980இல் மாநிலங்களவைக்குச் சென்று, பாரதிய ஜனதா ஆட்சியில் வெளியுறவு, பாதுகாப்பு, நிதி ஆகிய மூன்று துறைகளையும் வகித்தார். ஆயினும் அவருடைய நிலைத்த பணி எழுத்தே எனலாம். சுதந்திர இந்தியாவில் போர்த்தந்திரச் சிந்தனை வேரூன்றவில்லை என்று 1999இல் ‘டிஃபெண்டிங் இந்தியா’ நூலில் வாதிட்டபோது, படைமுகாமையும் அமைச்சரவையையும் உள்ளிருந்து அறிந்தவரின் கவலை அதில் ஒலித்தது.

2009 ஆகஸ்டில் வெளிவந்த ஜின்னா பற்றிய அவருடைய நூல், பிரிவினைப் பொறுப்பை ஜின்னா ஒருவர்மீது மட்டும் சுமத்தாமல் நேரு, பட்டேல் ஆகியோருக்கும் பங்கிட்டது. இரண்டே நாளில் கட்சி அவரை நீக்கியது. குஜராத் அரசு நூலைத் தடை செய்தது. வரலாற்று நூலுக்கு மறுநூலே தக்க விடை என்பதால், கட்சி அவரை நீக்கியது பெரும்பிழையே. சில வாரங்களில் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2010இல் கட்சி அவரைத் திரும்பச் சேர்த்தது. 2014இல் பார்மேர் தொகுதியைத் தர மறுத்ததும், சுயேச்சையாக நின்று, மீண்டும் நீக்கப்பட்டு, தேர்தலிலும் தோற்றார்.